இரண்டு பிடி சோறு

அந்த வருடங்கள் எனக்கு நிறங்களாகத்தான் நினைவிருக்கின்றன. நீலம், பச்சை, மஞ்சள், செம்மஞ்சள், கடைசியில் செங்கல். மாத்தளையில் இரத்தோட்டைக்குப் போகும் வீதியில், கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் வீடு. சமையல் நடக்கும் குசினியின் ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடிக் குழாயும் சிறிய ஸ்பிரிட் விளக்கும் வைத்திருந்தேன். விடிந்ததும் மலைப் பக்கமிருந்து பனி மெதுவாக இறங்கி, பின்வளவில் நின்ற முருங்கை மரத்தை மறைத்துவிட்டு ஜன்னல் கம்பி வரை வந்து நிற்கும். நான் குழாயில் நீல மருந்தை அளந்து ஊற்றி, மகளின் சிறுநீரில் எட்டுத் துளி விட்டு, சுடரில் பிடிப்பேன். நீலம் நீலமாகவே நின்றால் சிறுநீரில் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம் இருக்கிறது. செங்கல் நிறமானால் நேற்று முழுக்க நான் பட்ட பாடு வீண்.

இன்றைக்கு விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து இலக்கத்தைப் பார்த்துவிடுகிறார்கள். நாங்கள் நிறம் பார்த்து வாழ்ந்தோம். இப்போதும் அந்தக் குழாய் கனவில் வரும். என்ன நிறமாகப் போகிறது என்று தெரிவதற்குள் விழித்துவிடுவேன். எழுந்து உட்கார்ந்து, மகள் பெரியவளாகிவிட்டாள், அவள் பாட்டை அவள் பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எண்பதுகளின் கடைசியில், அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது நோய் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். கன்னம் ஒட்டிப் போனது. மூச்சில் பழுத்த பழத்தின் வாசம் அடித்தது. கண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பெரியாஸ்பத்திரியில் ஒரு டாக்டர் அம்மா, பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர், என்னை உட்கார வைத்துச் சொன்னார். இந்தப் பிள்ளையின் உடம்பு இன்சுலின் செய்வதை நிறுத்திவிட்டது, இனி வெளியிலிருந்து நாம்தான் கொடுக்க வேண்டும் என்றார்.

"எப்ப சொகமாகும்?" என்று கேட்டேன்.

"சொகமாகாது. ஆனா நல்லா வாழலாம். ஊசிய மட்டும் ஒரு நாளும் நிறுத்தாதீங்க."

எனக்குக் கோபம் வந்தது. எனக்கு எதற்கும் முதலில் கோபம்தான் வரும், அழுகை பிறகு. அந்த அம்மாவோடு சண்டை போட முடியாது. அல்லாஹ்வோடு போட முடியாது. என் கணவரோடு போட்டுப் பார்த்தேன், அவர் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டே இருந்தார். கடைசியில் வீட்டுக்கு வந்து என் கோபத்தையெல்லாம் சோற்றுப் பானையின் மேல் காட்டினேன்.

ஆனால் முதல் சில மாதங்கள் சோறுதான் வென்றது. மூன்று வேளையும் சோறு, பேக்கரிப் பாண், பிட்டு, கிழங்கு என்று சாப்பிட்டுப் பழகிய வீடு அது. பிள்ளைக்கு மட்டும் குறைத்துப் போட்டேன். அவள் மற்றவர்களின் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். நான் திரும்பும் நேரத்தில் அவள் வாப்பா தன் கோப்பையிலிருந்து ஒரு வாய் ஊட்டிவிடுவார். காலையில் குழாய் செங்கல் நிறமாகும். நான் கத்துவேன். அவர் ஒன்றும் தெரியாத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பனியைப் பார்ப்பார்.

இந்த ஆட்டத்தை நிறுத்தியது ஒரு ஊரடங்கு.

அந்த நாட்களில் ஊரடங்குக்கு நேரம் காலம் கிடையாது. அரசாங்கம் போடும். அரசாங்கம் எடுத்தால், கடைகளைப் பூட்டச் சொல்லி வேறு யாரோ சுவரில் துண்டு ஒட்டிவிட்டுப் போவார்கள். யார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பஸ் ஓடாது. சந்தை கூடாது. கடைத்தெரு பகலிலேயே தூங்கிக் கிடக்கும். நாய்கள்கூடக் குரைக்க யோசித்தன. எங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி கிடையாது. குசினி மூலையில் ஒரு மண் சட்டியில் ஈர மணல் போட்டு, அதற்குள் இன்னொரு சட்டியில் மருந்துக் குப்பியை வைத்திருந்தேன். அன்று காலை குப்பியைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபோது அடியில் மூன்று நாளுக்குத்தான் மருந்து தெரிந்தது.

என் கணவர் ஊரடங்கு தளர்ந்த இடைவெளியில் சைக்கிளை எடுத்துக்கொண்டு, உக்குவளை வழியாக, வத்தேகம வழியாக, கண்டிக்குப் புறப்பட்டார். தன் கடைக்கு மிளகும் சாதிக்காயும் வாங்குவதற்காக அந்தத் தோட்டங்களெல்லாம் ஏறி இறங்கியவர். குறுக்குப் பாதை தெரியும். போகும்போது பிள்ளையின் நெற்றியில் கை வைத்து ஓதிவிட்டுப் போனார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

அந்த இரண்டு நாட்களும் எனக்கு ஒரே நீண்ட காலையாகத்தான் நினைவில் இருக்கின்றன. பனி கலையவே இல்லை. டாக்டர் அம்மா சொன்னதைத் திரும்பத் திரும்ப மனதில் ஓட்டினேன். சோறு, பாண், கோதுமை மா, கிழங்கு எல்லாம் உடம்புக்குள் போய்ச் சர்க்கரையாகிறது. அந்தச் சர்க்கரைக்கு ஈடு கொடுக்கத்தான் ஊசி. அப்படியானால் சர்க்கரையாகிற சாமான் குறைந்தால் மருந்தும் குறைவாகத்தானே தேவைப்படும்? இதைப் படித்துக் கண்டுபிடிக்கவில்லை. பயத்தில் கண்டுபிடித்தேன். ஊசியை நிறுத்தவில்லை. கொஞ்சம் குறைத்தேன், சோற்றை நன்றாகக் குறைத்தேன். பின்வளவில் முருங்கை இருந்தது, கிணற்றடியில் வல்லாரை இருந்தது. கோழிகள் முட்டையிட்டன, அவற்றுக்கு ஊரடங்கு இல்லை. தேங்காய் இருந்தது. கூரையில் கட்டித் தொங்கவிட்ட கருவாடு இருந்தது. கீரையைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டினேன். முட்டையைத் தேங்காய்ப்பாலில் காய்ச்சினேன். நானும் அதையே சாப்பிட்டேன். ஒரே மாதிரியான இரண்டு கோப்பைகள். அவள் என் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டு, முழுக்கச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை குழாயைச் சுடரில் பிடித்தேன். மருந்து கொதித்தது. நீலமாகவே நின்றது. இன்னும் கொஞ்சம் பிடித்தேன். நீலம்தான். குசினி நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். மாதக்கணக்கில் வராத அழுகை அப்போது வந்தது.

அவர் அன்று பின்னேரம் வந்து சேர்ந்தார். மருந்துக் குப்பி ஈர வாழையிலையில் சுற்றிச் சோற்றுக் கேரியருக்குள் இருந்தது. முகம் கறுத்து, வேறு யாரோவாக இருந்தார். "வழில என்ன பாத்தீங்க?" என்று கேட்டேன். "பாதையப் பாத்தேன்" என்றார். அதற்கு மேல் அந்தப் பயணத்தைப் பற்றி அவர் இன்று வரை சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு கண்டிக்குப் போனபோது டாக்டர் அம்மாவிடம் என் கொப்பியைக் காட்டினேன். ஒவ்வொரு நாளும் என்ன கொடுத்தேன், குழாய் என்ன நிறம் என்று எழுதியிருந்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நீண்ட நேரம் வாசித்தார்.

"நல்லது. ஆனா ஒண்ணு கேளுங்க. நீங்களா மருந்த கூட்டிக் கொறைக்கக் கூடாது. எங்கிட்ட கேளுங்க. சோறு கொறஞ்சா ஊசியும் கொறையணும். ஊசியப் போட்டுட்டு அதுக்குரிய சோத்த குடுக்காம விட்டா, சீனி கீழ எறங்கிப் புள்ள விழுந்திரும். சீனி கூடினா நாள் கணக்குல கெடுதல். கொறஞ்சா நிமிஷக் கணக்குல."

வளர்கிற பிள்ளை, ஒரேயடியாக நிறுத்த வேண்டாம் என்று அவரே ஒரு அளவு சொன்னார். பகலுக்கு இரண்டு பிடி சோறு. என் கையால் இரண்டு பிடி. அதற்கு ஏற்ற ஊசி. இந்த இரண்டு பிடிதான் எங்கள் வீட்டின் சட்டமாயிற்று.

அதன் பிறகு எங்கள் குசினியே வேறாகிவிட்டது. பிள்ளைக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று என்று சமைப்பதை நிறுத்தினேன். அவள் சாப்பிடுவதைத்தான் வீடு சாப்பிட வேண்டும். முட்டைக்கோஸ் என்கிற கோவாவை மெல்லிசாகச் சீவி, உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, நிறையத் தேங்காய்ப்பூவும் பேருக்குக் கொஞ்சம் குரக்கன் மாவும் சேர்த்து, மூங்கில் குழலில் அடைத்து அவித்தேன். குழலிலிருந்து தள்ளும்போது பிட்டு மாதிரியே உருண்டு வந்தது. மகள் கைதட்டினாள். அவர் ஒரு வாய் வைத்துவிட்டு, "இது பிட்டுட மவுத்து வீடு" என்றார். மவுத்து என்றால் சாவு. பிட்டுச் செத்த வீட்டுச் சாப்பாடாம். ஆனால் இரண்டாவது துண்டும் எடுத்தார். வாழைப்பூ, புடலங்காய், பாகற்காய், கங்குன் கீரை, மாட்டிறைச்சியோடு பொன்னாங்கண்ணி என்று நாள்தோறும் ஒன்று. கடையிலிருந்து அவர் பகல் சாப்பாட்டுக்கு வரும்போது சில நாட்களில் சட்டைப் பொத்தானில் பாண் துகள் ஒட்டியிருக்கும். நான் பேசாமல் தட்டிவிடுவேன். பாவம், அவருக்கும் ஒரு வாழ்க்கை வேண்டாமா.

குழாய் பெரும்பாலும் நீலமும் பச்சையுமாக இருந்தது. நான் மிதந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்த நீலத்தில் ஒரு வஞ்சகம் இருந்தது. சர்க்கரை சரியாக இருந்தாலும் நீலம்தான், கீழே போய்க்கொண்டிருந்தாலும் நீலம்தான். எவ்வளவு கீழே என்று குழாய்க்குச் சொல்லத் தெரியாது.

அதைச் சொன்னது மகளின் குணம். என் மகள் பிறவியிலேயே அடங்காதவள். ஒன்றுக்கு மூன்றாகப் பதில் சொல்வாள். என்னை உரித்து வைத்திருக்கிறாள் என்று அவர் சொல்வார், நான் மறுக்கமாட்டேன். ஒரு பகல் பொழுதில், காய்ந்த உடுப்புகளை மடிக்கச் சொன்னேன். மறு பேச்சில்லாமல் மடிக்க உட்கார்ந்தாள். மழை வரும் போல வெளிச்சம் மங்கியிருந்தது. நான் வேலையாக இருந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஒரே சட்டையை மடித்து, விரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறாள். முகத்தில் ஒரு இலேசான சிரிப்பு. நெற்றியில் வியர்வை.

"உம்மா, நீங்க ஏன் அவ்வளவு தூரத்தில ஈக்கிய?" என்று கேட்டாள். நான் கையெட்டும் தூரத்தில்தான் நின்றேன்.

சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் நிமிர்ந்து, உடுப்புகளைத் தள்ளிவிட்டு, "என்ன மட்டும் ஏன் மடிக்கச் சொல்லிய?" என்று சண்டைக்கு வந்தாள். அந்தச் சண்டையைக் கேட்டு எனக்கு உயிர் வந்தது. அன்றிலிருந்து எனக்கும் அவருக்கும் ஒரு விதி. பிள்ளை சொன்னபடி கேட்டால் உடனே சீனி கொடுக்க வேண்டும்.

இதை வேறு யாருக்கும் சொல்லவில்லை. அங்கேதான் நான் தவறு செய்தேன். அவருடைய குடும்பத்தில் அன்பு என்றால் இனிப்புத்தான். யார் வீட்டுக்குப் போனாலும் பிள்ளையின் வாயில் தொதலோ மஸ்கத்தோ திணிக்காமல் விடமாட்டார்கள். சீனியால் பிள்ளையைக் காப்பாற்றவும் முடியும் என்று சொன்னால், அதையே சாட்டாக வைத்து ஊட்டிவிடுவார்கள் என்று பயந்தேன். அதனால் பாதிப் பாடத்தை மட்டும் சொன்னேன். சோறு அவளுக்கு நஞ்சு, சீனி அவளுக்கு நஞ்சு. போகிற இடமெல்லாம் முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னேன். அவருடைய ராத்தா, கூடப் பிறந்த அக்கா, எனக்கு மதினி, ஒரு பெருநாளன்று பிள்ளைக்கு ஒரு கரண்டி வட்டிலாப்பம் கொடுத்துவிட்டார். அன்று நான் போட்ட சத்தத்தில் அந்த மனுசி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் போய் அழுதார். அதன் பிறகு என்னைக் கண்டாலே பயப்படுவார்கள். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

எங்கள் ஆட்களின் விருந்தில் ஆளுக்கொரு கோப்பை கிடையாது. பாயில் துணி விரித்து, பெரிய வட்டத் தட்டு நிறையச் சோறு குவித்து, மேலே இறைச்சியும் கோழியும் அடுக்கி நடுவில் வைப்பார்கள். அதற்குச் சஹன் என்று பெயர். ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து, ஒரே தட்டில் கை வைத்துச் சாப்பிட வேண்டும். தன் பக்கத்துச் சோற்றைத்தான் எடுக்கலாம். நல்ல இறைச்சித் துண்டைத் தான் எடுக்காமல் பிய்த்துப் பக்கத்தில் இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது, தெரியக் கூடாது என்பதுதான் அதன் அழகே. எனக்கு அதுதான் பயம். நோய் வந்த நாளிலிருந்து என் மகளைச் சஹனில் உட்கார விட்டதில்லை. குசினிக்குக் கூட்டிப் போய், தனிக் கோப்பையில், என் கையால் அளந்து போடுவேன். அவள் கதவிடுக்கு வழியாக மற்றப் பிள்ளைகளின் முதுகுகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள்.

ஒன்பது வயதில் ஒரு நாள் கேட்டாள். "உம்மா, நான் என்ன பூனையா, குசினில வெச்சித் திங்கக் குடுக்க?"

நான் அவள் கோப்பையில் இன்னொரு கரண்டி கீரை வைத்தேன்.

உக்குவளைப் பக்கம் அவருடைய சாச்சாவின் மகளுக்குக் கலியாணம் வந்தது. கலவரம் கொஞ்சம் அடங்கி, மனிதர்கள் மறுபடி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகத் தொடங்கியிருந்த நேரம். மரணச் செய்திகளுக்கு மட்டுமே கூடிக் கூடி அலுத்துப்போன எல்லாரும் அந்தக் கலியாணத்துக்கு வந்திருந்தார்கள். அன்று அவளைச் சஹனில் உட்கார விடுவது என்று முடிவு செய்தேன். சாப்பாடு வைக்கப் போகிறார்கள் என்று சத்தம் கேட்டதும் பின்னறையில் வைத்து ஊசி போட்டேன். இரண்டு பிடிக்குரிய ஊசி.

"ரெண்டு பிடி. கூடவும் வேணாம், கொறையவும் வேணாம். கட்டாயம் தின்னணும்."

"தெரியும் தெரியும்" என்று கண்ணை உருட்டிவிட்டு, புதுச் சட்டையின் சுருக்கங்களை நீவிக்கொண்டு ஓடினாள். மதினியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை நான் இன்னும் மறக்கவில்லை.

நான் அந்தத் தட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் நினைத்ததைவிடக் கூட்டம் கூடி, வட்டிலாப்பம் பங்கு வைக்க ஆள் இல்லை என்று என்னைக் குசினிப் பந்தலுக்குக் கூப்பிட்டார்கள். மதினி இருக்கிறாரே என்று போனேன். ஏலக்காயும் கித்துள் கருப்பட்டியும் கலந்த வாசத்தில், பெரிய கரண்டியோடு, யாரோ சொன்ன ஒரு பகிடிக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு நேரம் நான் சிரித்து அப்போது எத்தனையோ மாதமாகியிருந்தது.

திரும்பி வந்தபோது தட்டுகள் ஏறக்குறைய காலி. மகள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். தட்டிலிருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்னா அடக்கமான புள்ள. ஒரு சொல்லு பேசல்ல. நல்லாத்தான் வளத்தீக்கிய" என்றார் ஒருவர்.

அல்லாஹ் என்னை மன்னிக்கட்டும், எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு மூச்சு நேரம் அந்தப் பெருமையில் நின்றேன். பிறகு, "மகள், போய் கை கழுவுங்க" என்றேன்.

"சரி உம்மா" என்று எழுந்தாள்.

என் மகள் என்னிடம் ஒரே தடவையில் "சரி உம்மா" என்று சொன்னதே கிடையாது.

சுற்றியிருந்த சத்தமெல்லாம் தண்ணீருக்கடியில் போன மாதிரி ஆயிற்று. அவள் நின்ற இடத்திலேயே மெல்ல ஆடினாள். அதே இலேசான சிரிப்பு. அவளைப் பிடித்து மடியில் சாய்த்துக்கொண்டு, தாம்பாளத்தில் போன சர்பத்தில் ஒரு கிளாஸை எட்டி எடுத்தேன். வாயருகே கொண்டுபோனேன். மதினி பாய்ந்து என் கையைப் பிடித்தார்.

"பைத்தியமா ஒங்களுக்கு? அது சீனி! புள்ளக்கி அது நஞ்சு!"

நானே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த சொற்களே என் கையைப் பிடித்தன. இன்னும் இரண்டு பேர் பிடித்தார்கள். சர்பத் பிள்ளையின் சட்டையில் கொட்டிச் சிவந்தது. நான் மதினியை நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். அவர் காலித் தட்டின் மேல் போய் விழுந்தார். அடுத்த கிளாஸை எடுத்து, "குடி மகள், விழுங்கு மகள்" என்று கொஞ்சம் கொஞ்சமாக வாயில் விட்டேன். அவளால் விழுங்க முடிந்தது. அது போதும். உதட்டிலேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பந்தலுக்கு மேலே கமுகு மரங்கள் அசைந்துகொண்டிருந்தன. அவற்றைக்கூடப் பார்த்தேன், ஏன் என்று தெரியவில்லை.

"உம்மா" என்றாள் கடைசியில். குரலில் எரிச்சல் இருந்தது. "என்ட புதுச் சட்டைல ஊத்திட்டீங்களே."

அதன் பிறகு நான் செய்ததுதான் வெட்கம். எழுந்து நின்று, அத்தனை பேர் முன்னால் மதினியைப் பார்த்து, "என்ட புள்ளய கொல்லப் பாத்தீங்க. சோறு குடுக்காம கொல்லப் பாத்தீங்க" என்று சொன்னேன். அவர் சேலையில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார்.

பல மாதங்கள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. இனிச் சஹன் என்ற பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டேன். மகள் மறுபடி குசினியில் தனிக் கோப்பையில் சாப்பிட்டாள். குழாய் நீலமாக இருந்தது. வீடு நன்றாக இல்லை.

மழைக்காலத்தில் ஒரு பகல், கோவாப் பிட்டைப் பிசைந்துகொண்டே மகள் மதினியைப் பற்றிச் சொன்னாள். "மாமி பாவம் உம்மா."

"என்ன பாவம்?"

"அண்டைக்கி எனக்கு எறச்சி எல்லாம் பிச்சிப் பிச்சித் தந்தா. அவ ஒரு துண்டும் திங்கல்ல. என்ட பக்கத்துச் சோத்த எல்லாம் அவட பக்கம் இழுத்து இழுத்து அவளே தின்டா. எனக்கு ஆச வரக்கூடாதுண்டு. ஏலாமப் போய் மூச்சு வாங்கி வாங்கித் தின்டா. ரெண்டு பிடி தின்னணும் மாமிண்டு நான் சொன்னேன். ஒங்கட உம்மா அறிஞ்சா என்ன கொன்டுருவா மகள்ண்டு சொன்னா."

சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குச் சாப்பிட்டாள். எனக்குக் கையிலிருந்த அகப்பை கனத்தது. என் பிள்ளையின் பங்குச் சோற்றை, நஞ்சு என்று நான் சொன்ன சோற்றை, ஒரு மனுசி தன் வயிற்றுக்குள் போட்டிருக்கிறார். பயத்தாலும் பாசத்தாலும் செய்திருக்கிறார். பயம் நான் கொடுத்தது.

அன்று பின்னேரமே குடையை எடுத்துக்கொண்டு போனேன். மதினி கதவைத் திறந்து, என்னைக் கண்டு ஒரு அடி பின்வாங்கினார். அது எனக்கு நன்றாக உறைத்தது. "மன்னிச்சிருங்க மதினி. பாதியத்தான் சொல்லித் தந்தேன். மத்தப் பாதிய சொல்ல வந்தேன்" என்றேன். அவருடைய குசினியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி போட்டால் இரண்டு பிடி கட்டாயம். பிள்ளை அடங்கிப் போனால் பயப்பட வேண்டும். அப்போது சீனிதான் மருந்து. கடைசியில், "வாய் காட்டினா நல்லம், அடங்கினா கெடுதி. அப்பிடித்தானே?" என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம், பிறகு அழுதோம்.

நபி பிறந்த மௌலூது மாதம் அடுத்து வந்தபோது அவர் வீட்டில் கந்தூரி விருந்து. ஊசி போட்டு மகளைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனேன். மதினி அவளைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். நான் எதிரே உட்கார்ந்தேன். சஹன் வந்தது. வயதில் மூத்தவர் கை வைத்த பிறகுதான் மற்றவர்கள் தொடுவது வழக்கம். மதினிதான் மூத்தவர். அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொன்னார். ஆனால் கையை வைக்கவில்லை. மகளின் பக்கம் சோற்றை இரண்டு சின்னக் குவியலாக ஒதுக்கிவிட்டு, கையை மேலேயே வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவரைப் பார்த்து மற்றப் பெண்களும் காத்திருந்தார்கள். ஐந்து கைகள், என்னுடையதும் சேர்த்து. பசித்த பெண்கள், ஆறிக்கொண்டிருக்கும் நெய்ச்சோறு.

மகள் ஒரு குவியலை முடித்தாள். இரண்டாவதைப் பாதி முடித்துவிட்டு நிமிர்ந்து எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"என்ன எல்லாரும் என்ட வாயப் பாத்துக்கிட்டு ஈக்கிய? தின்னுங்களேன். வேற வேல இல்லயா ஒங்களுக்கு?"

பெரியவர்கள் இருக்கிற சஹனில் ஒரு பெண் பிள்ளை அப்படிப் பேசினால் யாராக இருந்தாலும் தொடையில் கிள்ளுவார்கள். மதினி என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மதினி, தட்டில் கை வைத்தபடி. "புள்ளக்கி ஒண்ணும் இல்ல."

நான் அவளைத் திட்டவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினேன்.